யெல்லோஸ்டோன் ஏரிக்கரையில் ஐந்து நாள்

முதல் நாள்

காலை ஐந்தரைக்கே சால்ட் லேக் சிட்டியில் அக்கா வீட்டிலிருந்து கிளம்பிவிட்டோம். அத்தான் வண்டி ஓட்டினார். முன் இருக்கையில் நான், பின்னால் அக்காவும் பத்து வயது மருமகள் யாழினியும். டிக்கியில் கூடாரம், ஒரு சிப்பம் அரிசி, மீன் மசாலா டப்பா, நாலு தூண்டில்.

"ஏலே, எல்லாரும் வெந்நீர் ஊத்தையும் காட்டெருமையையும் பாக்கத்தான் இங்க வாராவ. நீ மீனப் பாக்கணும்னு ஊர்லருந்து இம்புட்டு தூரம் வந்திருக்க" என்றாள் அக்கா.

உண்மைதான். தாமிரபரணித் தண்ணீர் பாயும் ஒரு குளத்தின் கரையில் வளர்ந்தவர்கள் நாங்கள். அப்பா வருஷா வருஷம் மீன்பாசி குத்தகை எடுப்பார். குளம் வற்றும் சித்திரை, வைகாசியில் எங்கள் வீட்டு முற்றம் முழுக்க மீன் வாடைதான். அதனாலோ என்னவோ, எந்த ஊருக்குப் போனாலும் நீர்நிலையில் என்ன மீன் கிடக்கிறது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் யெல்லோஸ்டோன் ஏரியைப் பற்றி சில வருஷமாகவே படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மீனைக் காப்பாற்ற இன்னொரு மீனை லட்சக்கணக்கில் பிடித்துக் கொல்லும் வேலை அங்கே முப்பது வருஷமாக நடக்கிறது. அதைக் கண்ணால் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

ஐடஹோ ஃபால்ஸ் தாண்டும்போதே புளியோதரை தீர்ந்துவிட்டது. மதியம் வெஸ்ட் யெல்லோஸ்டோன் வாசல் வழியாகப் பூங்காவுக்குள் நுழைந்தோம். ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்ற, பீறிட்டுப் பொங்கும் வெந்நீர் ஊற்றை எல்லாரையும் போல நின்று பார்த்தோம். யாழினிக்கு அது போதவில்லை, இன்னொரு தடவை பொங்கும்வரை இருக்கலாம் என்றாள். இருந்தோம்.

அங்கிருந்து கிழக்கே போகும் மலைச்சாலையின் உச்சியில் ஐசா ஏரி என்று ஒரு சின்னக் குட்டை. அல்லி இலை மிதக்கும் சாதாரணக் குட்டைதான். ஆனால் அதன் ஒரு பக்கத்துத் தண்ணீர் பசிபிக் கடல் திசையிலும் மறுபக்கத்துத் தண்ணீர் அட்லாண்டிக் கடல் திசையிலும் இறங்குகிறது. கண்டத்தின் நீர்ப்பிரிமுகடு அங்கேதான் ஓடுகிறது. இதை ஏன் எழுதி வைக்கிறேன் என்பது நாளைக்குப் புரியும்.

மாலை ஐந்து மணிக்கு வெஸ்ட் தம்ப் என்ற இடத்தில் ஏரி கண்ணில் பட்டது. 7,700 அடி உயரத்தில், 130 சதுர மைலுக்கும் மேல் பரந்த தண்ணீர். அக்கரை மலையில் ஜூலையிலும் வெள்ளைத் தீற்றாகப் பனி. கரையோரத்தில் வெந்நீர்க் கிணறுகள் கொதித்துக்கொண்டிருக்க, இரண்டு அடி தள்ளி ஐஸ் போன்ற தண்ணீர். அந்தக் காலத்தில் ஏரியில் பிடித்த மீனைத் தூண்டிலோடு அப்படியே திருப்பி வெந்நீர்க் கூம்புக்குள் விட்டு வேகவைத்துத் தின்பார்களாம். அந்தக் கூம்புக்கு இன்றும் 'ஃபிஷிங் கோன்' என்றுதான் பெயர். இப்போது அங்கே மீன் பிடிக்கத் தடை.

பிரிட்ஜ் பே முகாமில் கூடாரம் அடித்துவிட்டு இதை எழுதுகிறேன். கொசு பிய்க்கிறது.

இரண்டாம் நாள்

இன்று ஏரிக்குப் போகவில்லை. தெற்கே நீர்ப்பிரிமுகட்டைத் தாண்டி லூயிஸ் ஏரிக்குப் போனோம். இரு பக்கமும் 1988 காட்டுத்தீயில் எரிந்த மரங்களுக்கு நடுவே இளம் பைன்கள் தலைக்கு மேல் வளர்ந்து நிற்கின்றன.

கதை தொடங்குவது இந்த லூயிஸ் ஏரியில்தான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பூங்காவின் ஓடை, ஏரிகளில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் மீனே இல்லாமல் கிடந்தது. உயரமான அருவிகளைத் தாண்டி மீன் ஏற முடியாததுதான் காரணம். வருகிற விருந்தாளிக்குத் தூண்டில் போட மீன் வேண்டாமா என்று அரசாங்கமே மீன் விடத் தொடங்கியது. 1890இல் மிச்சிகன் ஏரியிலிருந்து 'லேக் டிரவுட்' என்ற மீனைக் கொண்டுவந்து லூயிஸ் ஏரியிலும் பக்கத்து ஷோஷோன் ஏரியிலும் விட்டார்கள். அந்தக் காலத்து மனிதர்களுக்கு அது தவறாகத் தோன்றவில்லை. வெறும் நிலத்தில் நெல் விதைப்பது போன்ற நல்ல காரியம் என்றே நினைத்தார்கள்.

நூறு வருஷம் அந்த மீன் அங்கேயே கிடந்தது. லூயிஸ் ஏரித் தண்ணீர் பசிபிக் பக்கம் போவது, யெல்லோஸ்டோன் ஏரித் தண்ணீர் அட்லாண்டிக் பக்கம் போவது. நடுவில் முகடு. அப்படியிருக்க 1994 கோடையில் யெல்லோஸ்டோன் ஏரியில் தூண்டில் போட்டவர் கையில் ஒரு லேக் டிரவுட் மாட்டியது. பூங்காவே பதறிப் போனது.

எப்படி வந்தது என்பதை மீனின் காதுக்குள் இருக்கும் கல்லை வைத்துக் கண்டுபிடித்தார்கள். மீனின் தலைக்குள் அரிசி மணி அளவில் ஒரு கல் உண்டு. மரத்தில் வளையம் விழுவதைப் போல அதில் வருஷத்துக்கு ஒரு வளையம் விழும். எந்தத் தண்ணீரில் வளர்ந்ததோ அந்தத் தண்ணீரின் உப்பு அந்த வளையத்தில் படியும். யெல்லோஸ்டோனில் பிடித்த சில பெரிய மீன்களின் கல்லில், குஞ்சுப் பருவத்து வளையங்களில் லூயிஸ் ஏரியின் தடம் இருந்தது. அதாவது யாரோ ஒருவர் 1980களில் இங்கிருந்து மீனைத் தூக்கிக்கொண்டு, நான் இன்று வண்டியில் வந்த அதே முகட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் விட்டிருக்கிறார். ரோட்டில் இருபது நிமிஷப் பயணம்.

வந்தேறி மீன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. மீன் தானாக ஏறி வரவில்லை, தூக்கி வரப்பட்டது.

இதே மீனுக்கு இன்னொரு முகமும் உண்டு. மிச்சிகன் ஏரிதான் இதன் தாய்வீடு. 1940, 50களில் கடலிலிருந்து கால்வாய் வழியாக வந்த லாம்ப்ரே என்ற, ரத்தம் உறிஞ்சும் விலாங்கு போன்ற பிராணியும், அளவில்லாத மீன்பிடிப்பும் சேர்ந்து அங்கே இந்த மீனை அடியோடு துடைத்துவிட்டன. பிறகு அங்கே மறுபடி விடுவதற்கு மூல வித்து எங்கே கிடைக்கும் என்று தேடியபோது, இந்த லூயிஸ் ஏரியிலிருந்துதான் முட்டை எடுத்துப் போனார்கள். 1890இல் வந்த மிச்சிகன் ரத்தம் கலப்பில்லாமல் இங்கே பிழைத்துக் கிடந்தது. அங்கே ஒரு குஞ்சு பிழைத்தாலும் கொண்டாடுகிறார்கள். இங்கே முகட்டுக்கு அந்தப் பக்கம் அதே மீனை ஒன்று விடாமல் கொல்கிறார்கள். இரண்டுமே சரிதான். மீனில் நல்லது கெட்டது இல்லை, இடத்தில்தான் இருக்கிறது.

கரையில் உட்கார்ந்து யாழினிக்கு இதையெல்லாம் சொன்னேன். "யார் மாமா தூக்கிட்டுப் போனது? புடிச்சாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அவருக்குத் தெரியுமா, இவ்ளோ ஆகும்னு?"

அந்தக் கேள்வி என்னை வெகுநேரம் விடவில்லை. ஏனென்றால் நானும் தூக்கிக்கொண்டு போனவன்தான். எனக்கு அப்போது பதினோரு வயது. அப்பாவின் குளத்தில் ஜிலேபி கெண்டைக் குஞ்சுகள் தாயைச் சுற்றி மேகம் போலத் திரியும். கையை ஆட்டினால் போதும், மொத்தக் குஞ்சும் தாயின் வாய்க்குள் ஓடி ஒளியும். அந்த ஆச்சரியத்தை என் சோட்டுப் பையன்களுக்குக் காட்டத்தான் ஒரு பித்தளைக் குடத்தில் மொண்டு போய் எங்கள் கோயில் ஊருணியில் விட்டேன். அந்த ஊருணியில் அப்போது அயிரை இருந்தது. குழந்தைகள் துண்டை விரித்துப் பிடிக்கும் அளவுக்கு இருந்தது. மூன்று வருஷத்தில் ஊருணி முழுக்க ஜிலேபிதான், அதுவும் விரல் நீளத்துக்கு மேல் வளராத ஜிலேபி. அயிரை போனதற்கு வயல் மருந்தும் காரணமாக இருக்கலாம். ஆனால் குடம் என் கையில் இருந்தது. 1952இல் ஜிலேபியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், 1959இலேயே இனி இதைப் பரப்பக் கூடாது என்று நாட்டின் மீன்வள ஆராய்ச்சிக் குழு முடிவெடுத்தது என்றெல்லாம் பின்னால்தான் படித்தேன். நான் குடத்தைத் தூக்கியபோது அந்த முடிவுக்கு முப்பது வயதாகியிருந்தது. எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது.

அக்காவுக்கே இதை இன்றுதான் சொன்னேன். "அந்த ஊருணியிலயா?" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள்

லிஹார்டி ரேப்பிட்ஸ். ஏரியிலிருந்து யெல்லோஸ்டோன் ஆறு புறப்பட்டு மூன்று மைல் வந்ததும் பாறைகளில் மோதி நுரைக்கிற இடம். பலகைப் பாதையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றோம்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளை நுரையும் பச்சைத் தண்ணீரும்தான். பிறகு அத்தான்தான் காட்டினார். "அந்தப் பாறைக்குப் பின்னால பாரு மாப்ள, தண்ணி சுத்துற எடத்துல." வரிசையாக நின்றன. முழங்கை நீளம், செம்பொன் நிறம், வால் பக்கம் போகப்போக நெருங்கும் கறுப்புப் புள்ளிகள். வாலை மட்டும் மெல்ல அசைத்துக்கொண்டு, நீரோட்டத்தை எதிர்த்து அந்த இடத்திலேயே நிற்கின்றன. திடீரென ஒன்று வரிசையை விட்டு நகர்ந்து, ஒரு கணம் தயங்கி, தாவும். தண்ணீர்ச் சுவரில் பாதியில் மோதி விழும். விழுந்தது மறுபடி பாறைக்குப் பின்னால் வந்து கடைசியில் நிற்கும். ஒன்று தாவும்போது கீழ்த்தாடையில் ரத்தச் சிவப்பாக ஒரு கோடு மின்னியது. அந்தக் கோட்டால்தான் 'கட்த்ரோட்' என்று பெயர், கழுத்தறுபட்ட மீன். இந்த ஏரிக்கு உரிமையுள்ள டிரவுட் இது ஒன்றுதான்.

இதுவும் ஒரு காலத்தில் முகட்டைத் தாண்டி வந்ததுதான். ஆனால் யாரும் தூக்கி வரவில்லை. தெற்கே டூ ஓஷன் பாஸ் என்ற கணவாயில் ஒரே ஓடை இரண்டாகப் பிரிந்து இரு கடலுக்கும் போகிறது. பனியுகம் முடிந்த பிறகு அந்த ஓடையில் நீந்தி, பசிபிக் பக்கமிருந்து இந்தப் பக்கம் இறங்கிய மீன். வந்து பல ஆயிரம் வருஷம். அந்தக் காலத்தில் இங்கிருக்கிற கரடி, நீர்நாய், கூழைக்கடா, விராலடிப்பான் என்ற மீன் பிடிக்கும் பருந்து எல்லாம் இந்த மீனைச் சுற்றித் தங்கள் வாழ்க்கையை அமைத்துக்கொண்டன. நாற்பதுக்கும் மேற்பட்ட பிராணிகளுக்கு இது இரை என்று பூங்காவின் கணக்கு.

ஏன் ஒரு மீன் போய் இன்னொரு மீன் வந்தால் கரடிக்கு அதைத் தின்ன முடியாதா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இங்கேதான் விஷயமே இருக்கிறது. கட்த்ரோட் ஏரியின் மேல்நீரில் திரியும். முட்டையிட மே முதல் ஜூலை வரை முழங்கால் ஆழ ஓடைகளில் ஏறும். கரடி காலை நனைத்தால் போதும். லேக் டிரவுட் ஆழத்து மீன். நூறு அடி, இருநூறு அடி இருட்டில் கிடக்கும். ஓடைக்கு ஏறவே ஏறாது, ஏரிக்குள்ளேயே கல்லடுக்கில் இலையுதிர்காலத்தில் முட்டையிடும். எந்தக் கரடியும் எந்தப் பறவையும் அதைத் தொட முடியாது. ஆனால் அது கட்த்ரோட்டைத் தொடும். வளர்ந்த லேக் டிரவுட் ஒன்று வருஷத்துக்கு நாற்பது கட்த்ரோட் வரை தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

கிழக்குக் கரையில் கிளியர் கிரீக் என்று ஒரு ஓடை. 1978இல் அந்த ஒரே ஓடையில் 70,000 கட்த்ரோட் முட்டையிட ஏறியதை எண்ணினார்கள். முப்பது வருஷம் கழித்து எண்ணியபோது சில நூறு. வறட்சியும் 1998இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட 'வேர்லிங்' என்ற மீன் நோயும் சேர்ந்துகொண்டன. ஓடையோரம் கரடி வருவது குறைந்தது. மீன் கிடைக்காத கரடிகள் எல்க் மான் கன்றுகளைக் கூடுதலாக அடிக்க ஆரம்பித்தன. ஏரியோரத்து விராலடிப்பான் கூடுகள் மளமளவென்று குறைந்தன. வெண்தலைக் கழுகு அன்னக்குஞ்சுகளின் மேல் பாய்ந்தது. இத்தனைக்கும் தண்ணீரின் மேலே நின்று பார்த்தவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. சொல்லப்போனால் ஏரி முன்பைவிட அழகாகவே இருந்திருக்கும். கட்த்ரோட் தின்றுவந்த நுண்ணிய நீர்ப்பூச்சிகள் தின்ன ஆளில்லாமல் பெருத்தன, அவை பாசியை மேய்ந்து தீர்த்தன, தண்ணீர் தெளிந்தது. தெளிந்த தண்ணீரைப் பார்த்தால் ஏரி நன்றாக இருக்கிறது என்றுதானே நினைப்போம்.

திரும்பும் வழியில் ஃபிஷிங் பிரிட்ஜ். பெயரில்தான் ஃபிஷிங். ஒரு காலத்தில் தோளோடு தோள் உரசி நின்று தூண்டில் போட்ட பாலம். 1973இல் அங்கே மீன்பிடிக்கத் தடை போட்டுவிட்டார்கள். பக்கத்தில் லேக் கிராமத்தில் மரக்கட்டையால் கட்டிய பழைய மீன்குஞ்சுப் பொரிப்பகம் இன்னும் நிற்கிறது. 1899 முதல் 1957 வரை இந்த ஏரியின் கட்த்ரோட்டிலிருந்து எடுத்த முட்டை 81 கோடிக்கும் மேல். உலகத்தில் எங்கெங்கோ அனுப்பினார்கள். இந்த ஏரியை மனிதன் தொட்டது 1994இல் தொடங்கவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நாலாம் நாள்

காலை ஆறு மணிக்கு பிரிட்ஜ் பே படகுத்துறை. அத்தானும் நானும் யாழினியும். அக்கா குளிருக்குப் பயந்து கூடாரத்திலேயே இருந்துவிட்டாள். மூன்று நாளைக்கு 40 டாலர் கொடுத்து மீன்பிடி அனுமதிச் சீட்டு வாங்கியிருந்தோம். சின்னப் பிள்ளைக்குக் காசில்லை. தூண்டில் முள்ளின் எதிர்முள்ளை எல்லாம் குறடால் நசுக்கிவிட வேண்டும். துறையில் இருந்த பலகையில் இரண்டு மீன் படம் பக்கத்துப் பக்கத்தில். ஒன்றின் கீழ் "உயிரோடு விடு", மற்றதன் கீழ் "கொன்றே ஆகவேண்டும்" என்ற பொருளில் வாசகம். யாழினி அதை இரண்டு தடவை வாசித்தாள்.

படகுக்காரர் அறுபதைத் தாண்டியவர். இந்தத் தண்ணீரில் விழுந்தால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை, குளிரே ஆளை முடித்துவிடும் என்று சொல்லி லைஃப் ஜாக்கெட்டின் வாரை அவரே இழுத்துக் கட்டினார். மூடுபனிக்குள் மெதுவாகப் போனோம். கனத்த குண்டு கட்டிய கம்பியோடு தூண்டில் நரம்பைக் கோத்து எழுபது அடி ஆழத்துக்கு இறக்கினார். மேலே போட்டால் கட்த்ரோட் கடிக்கும், ஆழத்தில்தான் நமக்கு வேண்டியது இருக்கிறது என்றார்.

முதல் மணி நேரம் ஒன்றுமில்லை. பனி விலகியபோது தெற்கே பூங்காவின் வலைப்படகு தெரிந்தது. நான் பார்க்க வந்தது அதைத்தான். நாற்பது அடி தள்ளி நிறுத்தச் சொன்னேன். இன்னும் தள்ளித்தான் நிற்கலாம் என்றார், வேலைக்கு இடைஞ்சல் கூடாது. தொலைநோக்கியைக் கொடுத்தார்.

படகின் பக்கவாட்டில் ஒரு உருளை சுழல்கிறது. அதில் வலை ஏறி வந்துகொண்டே இருக்கிறது. நம்மூரில் நரம்பு வலை என்போமே, அதேதான். கண்ணி அளவில் மீன் தலையை நுழைக்கும், செவுளில் மாட்டும், முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. இளைஞர்கள் நாலைந்து பேர் வரிசையாக நின்று, கொக்கியால் மீனைக் கழற்றித் தொட்டியில் போடுகிறார்கள். பேச்சில்லை. கை மட்டும் ஓடுகிறது. என் அப்பாவின் ஆட்கள் இப்படித்தான் கழற்றுவார்கள், கட்டைவிரலால் ஒரு நெம்பு நெம்பி. ஒருவர் பலகையில் அளந்து எழுதுகிறார். நடுவில் ஒரு பெண் எதையோ இரண்டு கையாலும் ஏந்தி, குனிந்து தண்ணீருக்குள் வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்திருந்து விட்டாள். கட்த்ரோட் ஒன்று மாட்டியிருக்க வேண்டும்.

அந்தக் குனிந்த முதுகுதான் இன்று முழுக்க என் கண்ணில் நிற்கிறது. ஏரியில் விஷம் கலந்தால் லேக் டிரவுட் ஒரே நாளில் ஒழியும், கூடவே எல்லாமும் ஒழியும். இங்கே வலை போட்டால்தான் உண்டு, அந்த வலைக்கு யார் எவர் என்று தெரியாது. அதனால்தான் ஆழத்தைப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் 65 அடிக்குக் கீழே இறக்குகிறார்கள். கட்த்ரோட் அதற்கு மேலே நீந்தும், லேக் டிரவுட் அதற்குக் கீழே. இரண்டு மீனுக்கும் நடுவே கிடைக்கிற அந்த இடைவெளியில்தான் இந்த வேலை முழுக்க நடக்கிறது.

படகுக்காரருக்கு எல்லாம் அத்துப்படி. தொடக்கத்தில் பூங்கா ஊழியர்கள் மட்டும் வலை போட்டார்கள், பிடிக்கப் பிடிக்க மீன் பெருகிக்கொண்டே போனது. 2009 முதல் மிச்சிகன் போன்ற பேரேரிகள் உள்ள பகுதியில் தொழில்முறையாக மீன் பிடிப்பவர்களை அழைத்து வந்தார்கள். மும்முரமான நாளில் நாற்பது மைல் நீளத்துக்கு வலை தண்ணீருக்குள் கிடக்கும். 2012 வாக்கில் உச்சத்துக்குப் போன லேக் டிரவுட் அதன் பிறகுதான் இறங்க ஆரம்பித்தது. 2017இல் மட்டும் கிட்டத்தட்ட 4 லட்சம் பிடித்தார்கள். 1994இலிருந்து கூட்டினால் 40 லட்சத்துக்கும் மேல். வருஷச் செலவு சுமார் 20 லட்சம் டாலர். முட்டையிடும் இடங்களைக் கண்டுபிடிக்க, பிடித்த சில மீன்களின் வயிற்றில் ஒலிக்கருவி வைத்துத் தைத்துத் திரும்ப விடுவார்களாம். அது தன் கூட்டத்தைத் தேடிப் போகும், இவர்கள் காது கொடுத்துப் பின்னாலேயே போவார்கள். கல்லடுக்கு தெரிந்துவிட்டால், செத்த லேக் டிரவுட்டையே அரைத்து முட்டைமேல் கொட்டுவார்கள். அது அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயு போய் முட்டை மூச்சடைத்துச் சாகும். இப்போது அதற்குப் பதில் தாவரப் பொருளில் செய்த உருண்டைகளையும் பயன்படுத்துகிறார்கள்.

ஒன்பதரைக்கு அத்தானின் தூண்டில் வளைந்தது. பத்து நிமிஷம் இழுத்திருப்பார். வலையில் வந்தது இரண்டே கால் அடி. கரும்பச்சை உடம்பில் பால் தெளித்தது போன்ற வெள்ளைப் புள்ளிகள், துடுப்பின் ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு, ஆழமாகப் பிளந்த வால். ஏரியின் குளிர் அப்படியே உடம்பில் இருந்தது. கையில் வாங்கியபோது விரல் மரத்தது. அழகான மீன். அதை மறைத்து எழுத எனக்கு முடியவில்லை.

படகுக்காரர் தலையில் ஒரே அடி. பிறகு பலகையில் வைத்து வயிற்றைக் கீறினார். இரைப்பை கல்லைப் போல உருண்டிருந்தது. அதைப் பிளந்து விரலால் தள்ளினார். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குட்டி மீன். மேலே இருந்தது தோல் கரைந்து வெறும் முதுகெலும்பாகத் தெரிந்தது. அடியில் இருந்தது புதுசு, கை அகலம், கண் கூடக் கெடவில்லை. தாடையை மெல்லத் தூக்கிக் காட்டினார். சிவப்புக் கோடு. யாழினி குனிந்து பார்த்தாள். "இப்பத்தான் முழுங்கிச்சா?" காலையில்தான் என்றார் அவர்.

குடலை ஆழத்தில் போட்டோம், கரையில் போட்டால் கரடி வரும். நமக்கு வேண்டாத மீன் என்றால் காற்றுப்பையைக் குத்திவிட்டு அதையும் ஆழத்திலேயே அமிழ்த்த வேண்டும். ஏரியின் சத்து ஏரியிலேயே இருக்கட்டும் என்பதற்காக.

இரவு அக்கா மசாலா தடவி, முகாம் அடுப்பில் சின்ன சட்டியில் பொரித்தாள். கொழுப்பு மீன், எண்ணெயே தேவைப்படவில்லை. "நம்ம அப்பா இருந்தா தலையக் கொழம்பு வச்சுரச் சொல்லியிருப்பாரு" என்றாள். சாப்பிட்டு முடித்துச் சட்டி, தட்டு, துடைத்த காகிதம் வரை எல்லாவற்றையும் கழுவி இரும்புப் பெட்டியில் பூட்டினோம். அந்த வாடைக்கு எவர் வருவார் என்று தெரியும்.

ஐந்தாம் நாள்

நாளைக் காலை ஊர் திரும்ப வேண்டும். மேற்குக் கரைச் சாலையில், பெயர்ப்பலகை கூட இல்லாத ஒரு ஓடை. ஒரே தாவில் தாண்டிவிடலாம். நேற்றுப் படகுக்காரர்தான் சொன்னார், அங்கே போய்ப் பாருங்கள், ஆனால் தண்ணீருக்குள் கால் வைக்காதீர்கள், சரளைக்கு அடியில் முட்டை இருக்கும் என்று. பத்து வருஷத்துக்கு முன் அதில் ஒரு மீனும் ஏறவில்லையாம்.

கரடி ஸ்பிரேயை இடுப்பில் செருகிக்கொண்டு அத்தான் சாலைப் பக்கம் காவல் நின்றார். நாங்கள் மூவரும் கரையில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தோம். ஒரு சாண் தண்ணீர். அடியில் சுண்டைக்காயும் நெல்லிக்காயுமாகச் சரளை. அரை மணி நேரம் கொசுக்கடி. அப்புறம் பொன் நிறத்தில் ஒன்று கீழேயிருந்து ஏறி வந்து எங்கள் முகத்துக்கு நேராக நின்றது. பெண் மீன். முதுகுத் துடுப்பு தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. திடீரென ஒருக்களித்துப் படுத்து வாலால் சரளையைப் படபடவென்று அடித்தது. வெள்ளி மின்னல் மாதிரி ஒரு பளிச். மணல் புகையாக எழுந்து ஓடையில் போனது. நிமிர்ந்து நின்றது. மூச்சு வாங்குவது போல் செவுள் திறந்து மூடியது. மறுபடி படுத்து அடித்தது. உள்ளங்கை அளவு பள்ளம் விழுந்திருந்தது. பின்னாலேயே இரண்டு ஆண் மீன்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன.

எங்கள் குளத்தில் ஆண் ஜிலேபி இப்படித்தான் பள்ளம் பறிக்கும். கோடையில் தண்ணீர் வடிந்தால் குளத்து அடி முழுக்கத் தட்டுத் தட்டாகக் குழி தெரியும். பக்கத்தில் படுத்திருந்த அக்காவுக்கும் அதே ஞாபகம்தான் போல. "ஊருணியில இப்ப தண்ணி கெடக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். கோடையில் வற்றிவிடுகிறது என்றேன். "வத்துனா ஜிலேபிய ஒட்ட வாரிரலாம்லா." வாரலாம். ஒரு கோடையில் முடியாது, சேற்றுக் குண்டில் நாலு தப்பினாலும் மறுபடி நிறையும். வருஷா வருஷம் வார வேண்டும். அயிரையை வாய்க்காலிலிருந்து மறுபடி கொண்டுவர வேண்டும். வருகிற சித்திரையில் சித்தப்பா மகனையும் கூட்டிக்கொண்டு முதல் வலை இழுப்பதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன். வலைக் காசில் பாதி தன்னுடையது என்றாள்.

யாழினி நோட்டில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொன்று. அடுத்து ஒன்று வந்தது. பன்னிரண்டா, முதலில் கீழே போனதே திரும்பி வந்ததா என்று அவளுக்கும் அக்காவுக்கும் வழக்கு. அதன் முதுகில் தழும்பு இருந்தது, முதலில் போனதற்குத் தழும்பு இல்லை என்று இவள் சாதித்தாள். வழக்குத் தீர இன்னும் கொஞ்சம் படுத்துக் கிடந்தோம்.

"கெளம்புங்க, எரும வருது" என்று சாலையிலிருந்து அத்தான் கூப்பிட்டார். உண்மையிலேயே வந்தது, தனி ஆண் எருமை, சாலை நடுவில். யாழினி பன்னிரண்டாவது கோட்டைப் போட்டுவிட்டு எழுந்தாள்.